கியர் லீவர் தளர்ந்து ஆடுகிறது, கியர்பாக்ஸைப் பிரிக்கத்தான் வேண்டுமா? (1988 டொயோட்டா எம்ஆர்2)

வடக்குவாசல் | சனி, இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் 1988ஆம் ஆண்டு டொயோட்டா எம்ஆர்2 இருக்கிறது. ஏடபிள்யூ11 என்று சொல்வார்களே, அந்த முதல் தலைமுறைக் கார். 1.6 லிட்டர் 4ஏ-ஜிஇ இன்ஜின், ஐந்து கியர். என் சித்தப்பா இருபது ஆண்டுக்கு மேல் வைத்திருந்தார். கண் பார்வை குறைந்ததும் இனி ஓட்டுவதில்லை என்று முடிவெடுத்து என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். சிங்கப்பூரின் பழமை வாகனத் திட்டத்தில் பதிவாகியிருப்பதால் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் எடுக்க முடியும்.

கியர் லீவர் முன்பே கொஞ்சம் தளர்வாகத்தான் இருந்தது. இப்போது மோசமாகிவிட்டது. நியூட்ரலில் வைத்து இடமும் வலமுமாக அசைத்தால் எதிலும் முட்டாமல் ஏறக்குறைய 6 செ.மீ. ஆடுகிறது. இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளினால் சில வேளை ஐந்தில் போய் விழுகிறது. போன வாரம் சிலேத்தார் விரைவுச்சாலையில் நான்கிலிருந்து மூன்றுக்கு மாற்றப் போனேன். லீவர் முதல் கியர் இருக்கும் பக்கம் போய்விட்டது. உள்ளே நுழையவில்லை, கையில் முட்டியதும் உணர்ந்து இழுத்துவிட்டேன். அந்த வேகத்தில் நுழைந்திருந்தால் இன்ஜின் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது.

ஒரு பட்டறையில் காட்டினேன். பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தார்கள். "கியர்பாக்ஸ் தேய்ந்துவிட்டது, இறக்கிப் பிரிக்க வேண்டும், 3,200 வெள்ளி ஆகும்" என்றார்கள். காரைத் தூக்கவில்லை, அடியில் விளக்கு அடித்துப் பார்க்கவில்லை. பார்க்காமலே எப்படித் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்பதுதான் என் மனத்தை அறுக்கிறது. பணம் கொடுக்கத் தயங்கவில்லை, தேவையென்றால் கொடுப்பேன். தேவையா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

---

லேத்துக்காரர் | சனி, இரவு 11:20

தம்பி, கியர்பாக்ஸில் கை வைக்க யாரையும் விடாதீர்கள். முதலில் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்.

இன்ஜின் அணைந்திருக்கும்போதும் இதே ஆட்டம் இருக்கிறதா? கியர் விழுந்தபின் அப்படியே நிற்கிறதா, இல்லை, தானே கழன்று நியூட்ரலுக்கு வருகிறதா? மாற்றும்போது பல் உரசுகிற சத்தம் கேட்கிறதா? இன்ஜின் ஓடும்போது மட்டும் கியர் விழ அடம்பிடிக்கிறதா?

---

வடக்குவாசல் | சனி, இரவு 11:31

ஐயா, இன்ஜின் அணைந்திருந்தாலும் அதே ஆட்டம். விழுந்த கியர் விழுந்தபடியே நிற்கிறது, கழலவில்லை. உரசல் சத்தம் இல்லை. சரியான இடம் கிடைத்துவிட்டால் வெண்ணெய்போல் இறங்குகிறது. இடம் கிடைப்பதுதான் சிரமம்.

---

லேத்துக்காரர் | ஞாயிறு, காலை 6:15

அப்படியானால் நிம்மதியாக இருங்கள். கியர்களின் வேகத்தை ஒத்துவரச் செய்யும் சிங்க்ரோ வளையம் தேய்ந்தால் மாற்றும்போது கறகறவென்று உரசும். கிளட்ச் சரியாக விலகவில்லை என்றால் இன்ஜின் ஓடும்போது கியர் விழாது, அணைத்தால் எளிதாக விழும். உங்கள் காரில் இவை இரண்டும் இல்லை. கியர் எங்கே இருக்கிறது என்று லீவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். லீவரிலிருந்து கியர்பாக்ஸ் வரை போகிற இணைப்பில் எங்கோ தளர்வு விழுந்திருக்கிறது.

உங்கள் காரின் அமைப்பை ஒரு முறை மனத்தில் வரைந்து பாருங்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கின்றன, லீவர் முன்னால். நடுவே நீண்ட இரண்டு கேபிள்கள். லீவரை முன்னும் பின்னும் தள்ளுவதை ஒரு கேபிள் கொண்டுபோகிறது. இடமும் வலமும் நகர்த்துவதை இன்னொன்று கொண்டுபோகிறது, அதுதான் எந்த வரிசை என்று தேர்ந்தெடுக்கும் கேபிள். ஒவ்வொரு கேபிளின் முனையிலும் ஒரு கண் வளையம், அதற்குள் ரப்பரோ நைலானோ ஒரு புஷ், அதாவது சின்னக் குழல் உறை. அந்த புஷ்ஷுக்குள் ஒரு பின், அதாவது இரும்பு முளை. பின் நழுவாமல் ஒரு கிளிப்.

இரண்டு கேபிள், நான்கு முனை, நான்கு புஷ். கிட்டத்தட்ட 40 வயது ரப்பர். நம் ஊர் வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் வெந்த ரப்பர். அது பொடிந்து போயிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கீழே இருக்கும் சின்னத் தளர்வு மேலே பெரிதாகத் தெரியும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். லீவர் ஓர் அச்சில் நிற்கிறது. அச்சுக்கு மேலே கைப்பிடி வரை 20 செ.மீ., கீழே கேபிள் பிடிக்கும் இடம் வரை 5 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே 3 மி.மீ. தளர்ந்தால் கையில் 12 மி.மீ. ஆடும். இப்படி ஐந்து இடத்துத் தளர்வு சேர்ந்தால் நீங்கள் சொல்கிற 6 செ.மீ. வந்துவிடும்.

---

அடிப்பலகை | ஞாயிறு, காலை 9:50

நான் பட்டறையில் வேலை செய்பவன், பதினாறு வருடமாக. ஐயா சொல்வது சரி. ஆனால் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த வயதுக் காருக்கு புஷ் தனியாகக் கிடைப்பதில்லை. பல கார்களுக்குக் கேபிளோடு சேர்த்துத்தான் விற்றார்கள், அந்தக் கேபிளும் இப்போது கிடைப்பதில்லை. பட்டறைக்காரர் ஒருநாள் முழுக்கச் செலவழித்து எதையோ ஒட்டவைத்து அனுப்பினால், ஒரு மாதத்தில் திரும்ப வந்து நிற்பார்கள், சண்டை வரும். அதனால் கையில் உத்தரவாதம் சொல்லக்கூடிய வேலையைத்தான் பலரும் சொல்வார்கள். நான் இதை நியாயப்படுத்தவில்லை. அடியில் பார்க்காமல் விலை சொன்னது தப்பு. அதைச் செய்கிற பட்டறையில் நான் வேலை பார்க்க மாட்டேன்.

நண்பரே, சோதனை இப்படிச் செய்யுங்கள். இன்ஜினை அணைத்து, காரை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஒருவரை உள்ளே உட்கார வையுங்கள். அவர் லீவரை மெதுவாக, மிக மெதுவாக அசைக்கட்டும். நீங்கள் ஒவ்வொரு மூட்டாக விளக்கு அடித்துப் பாருங்கள். விரலை மூட்டின் மேல் வைத்துக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாததும் தெரியும்.

லீவர் நகர்ந்து கேபிள் முனை நகரவில்லையா, அந்த முனை புஷ் போய்விட்டது. கேபிளின் உள்கம்பி நகரும்போது வெளி உறையும் சேர்ந்து நகர்கிறதா, உறையைத் தாங்கியில் பிடித்திருக்கும் கிளிப் தளர்ந்துவிட்டது. இதைப் பலர் பார்க்கவே மாட்டார்கள். பின்பக்கம் கேபிள் முனை நகர்ந்து கியர்பாக்ஸின் கை நகரவில்லையா, அங்கே புஷ் இல்லை. அந்தக் கை தன் அச்சிலேயே மேலும் கீழும் தள்ளாடுகிறதா, அச்சு புஷ் தேய்ந்துவிட்டது. எல்லாம் இறுக்கமாக இருந்து, இன்ஜினே முன்னும் பின்னும் ஆடுகிறது என்றால் இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள்.

எல்லா மூட்டும் இறுக்கமாக இருந்தும் லீவர் ஆடினால் அப்போது கியர்பாக்ஸைப் பற்றிப் பேசுவோம்.

இன்னொன்று, இது முக்கியம். அந்தக் காரில் நடுவில் ஓடும் டனலுக்குள் பெட்ரோல் தொட்டி இருக்கிறது. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே, 40 லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும் தொட்டி. அங்கே துளை போடவோ சூடு காட்டவோ கூடவே கூடாது.

---

ஐந்தாம் கியர் | ஞாயிறு, நண்பகல் 12:05

நான் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருக்கிறேன். அந்தக் கார் 1989இல் வெளிவந்தபோது ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்றார்கள். நம் யூனோஸ் வட்டாரத்துக்கு முகமது யூனோஸ் அப்துல்லாவின் பெயர், காருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் யூனோஸ் ரயில் நிலையத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்தக் கார் நினைவு வந்துவிடும்.

என் காரிலும் லீவர் ஆடுகிறது. நானும் கேபிளைத் தேட வேண்டுமா?

---

அடிப்பலகை | ஞாயிறு, நண்பகல் 12:40

வேண்டாம் அக்கா, உங்கள் காரில் கேபிளே கிடையாது. இன்ஜின் முன்னால், கியர்பாக்ஸ் அதற்குப் பின்னால், லீவர் நேராகக் கியர்பாக்ஸின் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. லீவரின் அடியில் ஒரு சின்ன நைலான் குப்பி மாட்டியிருக்கும். நடுவில் உருண்டை உட்காரும் இடத்திலும் ஒரு பிளாஸ்டிக் இருக்கை உண்டு. அதற்கு மேலே ஒரு ரப்பர் உறை. உறை கிழிந்தால் உள்ளே இருக்கிற எண்ணெய் போய்விடும், சூடும் சத்தமும் கேபினுக்குள் வரும். உங்கள் கியர் லீவரைச் சுற்றிச் சூடாக இருக்கிறதா? இருந்தால் உறை கிழிந்துவிட்டது என்று அர்த்தம்.

கைப்பிடியைத் திருகி எடுத்து, கன்சோலைக் கழற்றி, ரப்பரைத் தூக்கினால் மூன்று போல்ட். லீவர் கையோடு வந்துவிடும். நைலான் குப்பி, இருக்கை, கீழ் உறை மூன்றையும் மாற்றுங்கள். அந்தக் குழியில் இருக்கும் எண்ணெய் கியர்பாக்ஸின் எண்ணெயோடு சேராது, தனி. பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டு 75டபிள்யூ-90 எண்ணெய் சுமார் 80 முதல் 90 மி.லி. ஊற்றினால் போதும். ஒரு மாலை நேரத்து வேலை. அந்தக் காருக்கு இன்னும் பாகம் கிடைக்கிறது என்பது பெரிய பாக்கியம்.

---

தோபாயோக்காரன் | ஞாயிறு, பிற்பகல் 3:18

வடக்குவாசல், கேபிள் முனை புஷ் போனால் என்ன ஆகும் என்பதற்கு என் கதையைக் கேளுங்கள். கார் வேறு, ஆனால் அதுவும் கேபிள் கியர்தான்.

மூன்று ஆண்டுக்கு முன், சனிக்கிழமை காலை ஜோகூருக்குப் போகிற வழியில், கடற்பாலத்து வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். குடும்பம் முழுக்க காரில். இரண்டாவது கியரில் நகர்ந்தவன் முதல் கியருக்கு மாற்றக் கை வைத்தேன். லீவர் வைக்கோல்போல் ஆடியது. கேபிள் பின்னைவிட்டுக் கழன்றுவிட்டது. கியர்பாக்ஸ் இரண்டாவது கியரிலேயே நின்றுபோயிற்று. முன்னால் நூறு கார், பின்னால் நூறு கார். அந்த ஒரு கிலோமீட்டர் பாலத்தை இரண்டாவது கியரில், கிளட்சை அரைகுறையாக விட்டுவிட்டுக் கடந்தேன். கிளட்ச் கருகுகிற வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது.

அந்தப் பக்கம் போய் ஓரமாக நிறுத்தி, இன்ஜின் மூடியைத் திறந்து பார்த்தால், கண் வளையம் பின்னுக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே புஷ் இல்லை, பொடிதான் இருந்தது. என் மனைவியிடம் இருந்த பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை வாங்கி வளையத்தைப் பின்னோடு சேர்த்துக் கட்டினேன். அதை வைத்தே வீடு வந்து சேர்ந்தேன். புஷ் போவதற்கு ஆறு மாதம் முன்பே லீவர் எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான்தான் காது கொடுக்கவில்லை. நீங்கள் இப்போதே பார்ப்பது நல்லது.

---

சிவப்பு மூடி | ஞாயிறு, மாலை 5:02

அண்ணா, ஒரு சந்தேகம். இதை அடுக்குமாடி கார் நிறுத்துமிடத்திலேயே செய்துகொள்ளலாமா?

---

வடக்குவாசல் | ஞாயிறு, மாலை 5:30

கூடாது தம்பி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) நிறுத்துமிடத்தில் காரைத் தூக்கி வைத்துப் பழுது பார்க்க அனுமதி இல்லை. அவசரத்துக்கு டயர் மாற்றுவது வேறு. தவிர, பக்கத்தில் குழந்தைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வருவார்கள், ஸ்டாண்டில் நிற்கிற காருக்குப் பக்கத்தில் அவர்கள் வரக் கூடாது. செம்பவாங்கில் என் தாய்மாமா தரைவீட்டில் இருக்கிறார். அங்கே கொண்டுபோகப் போகிறேன். 45 நாளில் ஒரு நாள் அதற்கே போகும், இருந்தாலும் பரவாயில்லை.

அடிப்பலகை அண்ணா, லேத்துக்காரர் ஐயா, இருவருக்கும் நன்றி. அடுத்த சனிக்கிழமை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

---

வடக்குவாசல் | சனி, இரவு 9:14

பார்த்துவிட்டேன். கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், பின்னால் யாருக்காவது உதவும்.

மாமா உள்ளே உட்கார்ந்து லீவரை அசைத்தார். முன்பக்கம் முதலில் பார்த்தோம். கைப்பிடியைத் திருகி எடுத்து, கன்சோல் திருகாணிகளைக் கழற்றி, தோல் உறையைத் தூக்கியதும் லீவரின் அடி தெரிந்தது. அச்சு இறுக்கம். தள்ளும் கேபிளின் முன்முனையில் கொஞ்சம் தளர்வு, அதிகம் இல்லை. தேர்வுக் கேபிளின் முன்முனையில் புஷ் பாதி தேய்ந்திருந்தது. நடுத்துளை வட்டமாக இருக்க வேண்டியது முட்டை வடிவத்தில் நீண்டிருந்தது.

பிறகு காரைத் தூக்கிப் பின்பக்கம் போனேன். விளக்கு அடித்துப் பார்த்த அந்தக் கணத்தை மறக்க மாட்டேன். மாமா மேலே லீவரை இடப்பக்கம் தள்ளுகிறார், கேபிளின் கண் வளையம் என் கண்முன்னே நகர்கிறது, அதற்குள் இருக்கும் பின் அசையாமல் அப்படியே நிற்கிறது. வளையத்தின் ஓரம் போய் முட்டிய பிறகுதான் பின் நகரத் தொடங்குகிறது. புஷ் இருந்த இடத்தில் செம்பழுப்பு நிறத்தில் துகள். விரலை வைத்ததும் உலர்ந்த முறுக்குப்போல் நொறுங்கிக் கையில் கொட்டியது. "மாமா, நிறுத்துங்கள், கிடைத்துவிட்டது" என்று கத்திவிட்டேன். அத்தை பயந்துபோய் வாசலுக்கு ஓடி வந்தார்.

கியர்பாக்ஸின் கை அச்சில் இறுக்கமாகத்தான் இருக்கிறது. உறை பிடிக்கும் கிளிப்பில் ஒன்று விரலால் தள்ளினாலே நகர்கிறது.

இதற்குத்தானா 3,200 வெள்ளி?

உதிரிபாகக் கடையில் கேட்டேன், கேபிள் இருப்பில் இல்லை என்றார்கள். இணையத்தில் வெண்கலத்தில் செய்த புஷ் கிடைக்கிறது, பாலியுரேதேனிலும் கிடைக்கிறது. எதை வாங்குவது?

---

தோபாயோக்காரன் | சனி, இரவு 9:40

வெண்கலம் வாங்குங்கள். நான் வெண்கலம்தான் போட்டேன். லீவர் துப்பாக்கி விசைபோல் சுருக்கென்று விழுகிறது. தேயவே தேயாது.

---

லேத்துக்காரர் | ஞாயிறு, காலை 6:30

தோபாயோ தம்பி சொல்வதை நான் மறுக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஜூரோங்கில் கப்பல் பழுதுபார்க்கும் துறையில் 31 ஆண்டு லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) நின்றவன். புஷ் போடுவதுதான் என் பிழைப்பாக இருந்தது.

கேபிளின் கண் நேர்கோட்டில் மட்டும் நகர்வதில்லை. பின் இருக்கும் கை ஒரு வில் போட்டுச் சுழல்கிறது, கேபிள் நேராக வருகிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் கண் வளையம் பின்னின் மேல் கொஞ்சம் சாய வேண்டும். ரப்பர் சாய்ந்து கொடுக்கும். நேர்த்துளை போட்ட வெண்கலம் சாயாது. அப்போது பின்னைத் தேய்க்கும், இல்லையென்றால் கேபிள் கம்பியை வளைக்கும். புஷ் தேயாது என்று சந்தோஷப்படுகிறோம், அதற்குப் பதிலாகப் பின் தேய்கிறது. புஷ் ஐந்து வெள்ளிப் பொருள். பின் கியர்பாக்ஸின் கையோடு சேர்ந்தது. எது தேயட்டும் என்று நாம்தான் தீர்மானிக்க வேண்டும். இன்ஜினின் அதிர்வும் வெண்கலம் வழியாக நேராக லீவருக்கு வந்து சேரும்.

நைலானும் வேண்டாம். நைலான் ஈரம் குடிக்கும். முழுக்க நனைந்தால் தன் எடையில் 9 விழுக்காடு வரை தண்ணீரை இழுத்துக்கொண்டு ஊதும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அசெட்டல் என்று ஒரு பிளாஸ்டிக் உண்டு, டெல்ரின் என்ற வணிகப் பெயரில் கடைக்காரர்களுக்குத் தெரியும். அது குடிக்கும் ஈரம் 1 விழுக்காட்டுக்குள். வழுக்கும் தன்மை உண்டு, லேத்தில் அழகாகச் சீவிக்கொண்டு வரும். ஒரு சின்ன உருளைத் துண்டு வாங்கினால் பத்து புஷ் செய்யலாம்.

தொப்பி வடிவில் இரண்டு பாதியாகச் செய்து, கண் வளையத்தின் இரண்டு பக்கமிருந்தும் அழுத்தி உட்கார வைக்க வேண்டும். துளையின் நடுப்பகுதி மட்டும் பின்னைத் தொடட்டும், இரண்டு ஓரமும் சற்று விரியட்டும். அதாவது உடுக்கையின் உள்பக்கம்போல. அப்போது சாய இடம் கிடைக்கும்.

துளையைப் பின்னுக்குச் சரியாக இறுக்கிச் செய்யாதீர்கள். அசெட்டல் சூட்டில் விரியும். 12 மி.மீ. அளவுள்ள துண்டு, காலைக் குளிரில் 30 டிகிரியாக இருந்து இன்ஜின் சூட்டில் 90 டிகிரியானால், ஏறக்குறைய 0.08 மி.மீ. விரியும். வெளியே இரும்பு வளையம் தடுப்பதால் அந்த விரிவு உள்ளே துளையை நோக்கித்தான் வரும். 0.1 மி.மீ. இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் வீட்டில் அருமையாக இருக்கும், விரைவுச்சாலையில் அரை மணி நேரம் ஓடியபின் லீவர் நகர மறுக்கும்.

முதலில் பின்னை அளந்து எனக்குச் சொல்லுங்கள். தேயாத அடிப்பகுதியில் ஓர் அளவு, தேய்ந்த நடுப்பகுதியில் இரண்டு திசையிலும் அளவு. கண் வளையத்தின் உள்விட்டம் மூன்று இடத்தில். வளையத்தின் தடிமன்.

---

தோபாயோக்காரன் | ஞாயிறு, காலை 8:12

கோபமெல்லாம் இல்லை ஐயா. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கீழே போய்ப் பார்த்தேன். பின்னின் ஒரு பக்கம் பளபளவென்று ஒரு தட்டை விழுந்திருக்கிறது. மூன்று ஆண்டில் இவ்வளவு. என் காருக்கும் செய்து தருவீர்களா?

---

லேத்துக்காரர் | ஞாயிறு, காலை 8:20

அளவு அனுப்புங்கள் தம்பி. வீட்டில் சின்ன மேசை லேத் ஒன்று வைத்திருக்கிறேன், ஓய்வுபெற்றதிலிருந்து அதற்கு வேலையே இல்லை.

---

அடிப்பலகை | ஞாயிறு, காலை 10:33

அசெட்டலுக்கு நானும் ஆதரவு. ஒரே எச்சரிக்கை: எக்ஸாஸ்ட் குழாய்க்கு ஒட்டி ஓடுகிற முனையில் போடாதீர்கள். 100 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்து நின்றால் தாங்காது. பின்முனைக்கும் குழாய்க்கும் நடுவே வெப்பத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கார்களில் துருப்பிடித்து உதிர்ந்திருக்கும்.

பழைய புஷ்ஷை எடுக்கும்போது கேபிளை மடக்கிப் பிடிக்க வேண்டாம். நட்டுக் கழற்றும் பெரிய சாக்கெட் ஒன்று ஒரு பக்கம், சின்ன சாக்கெட் மறு பக்கம், நடுவே கண் வளையம், ஜி-கிளாம்பால் மெதுவாக நெருக்குங்கள். சின்னது புஷ்ஷைத் தள்ளும், பெரியது வாங்கிக்கொள்ளும். சுத்தியல் வேண்டாம். கழற்றுவதற்கு முன் இரண்டு கேபிளுக்கும் வேறு வேறு நிற நாடா சுற்றிவிடுங்கள், படமும் எடுத்து வையுங்கள்.

உறைக் கிளிப் தளர்ந்திருக்கிறது என்றீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். புஷ் புதிதாகப் போட்டபின் மிச்சமிருக்கிற எல்லாத் தளர்வும் அந்தக் கிளிப்பிலிருந்துதான் வரும்.

---

சிவப்பு மூடி | ஞாயிறு, மதியம் 1:15

எந்த கிரீஸ் போடுவது அண்ணா?

---

அடிப்பலகை | ஞாயிறு, மதியம் 1:50

அசெட்டலும் இரும்பும் உரசும் இடத்தில் சாதாரண லித்தியம் கிரீஸ் போதும், மெல்லிய பூச்சு. ரப்பர் உறை தொடுகிற இடத்தில் மட்டும் சிலிக்கோன் கிரீஸ். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப் பிசுபிசுத்துப் போகும்.

---

வடக்குவாசல் | வியாழன், இரவு 8:55

ஐயா வீட்டுக்குப் போய் வந்தேன். அளவுகளைத் தனிச்செய்தியில் அனுப்பியிருந்தேன், ஆனால் அவர் நம்பவில்லை, பழைய வளையத்தை நேரில் கொண்டு வரச் சொன்னார். கேபிளின் முனையை மட்டும் எப்படிக் கொண்டு போவது? மெழுகைச் சூடாக்கி வளையத்துக்குள் ஊற்றி அச்சு எடுத்துக்கொண்டு போனேன். அதை வெர்னியர் அளவுகோலில் வைத்துப் பார்த்துவிட்டு என் அளவில் 0.2 மி.மீ. பிழை என்று சொன்னார். அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது.

லேத் ஓடும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். வெள்ளை அசெட்டல் உருளையிலிருந்து நூல்போல் சீவல் சுருண்டு சுருண்டு வருகிறது. ஒவ்வொரு முறை வெட்டியதும் நிறுத்தி, ஊதி, ஆறவிட்டு, அப்புறம்தான் அளக்கிறார். சூடாக இருக்கும்போது அளந்தால் பொய் சொல்லும் என்றார். ஒரு புஷ்ஷுக்கு அரை மணி நேரம். காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் மனைவி கொடுத்த ரவை உருண்டையோடுதான் திரும்பி வந்தேன்.

---

வடக்குவாசல் | ஞாயிறு, காலை 10:20

நேற்று நான்கு முனையும் மாற்றிவிட்டேன். முன்பக்க இரண்டு முனை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பின்பக்கம்தான் பாடுபடுத்தியது. கை நுழையும் இடம் ஒரு சாண்கூட இல்லை. கிளிப்பை மாட்டும்போது இரண்டு முறை தெறித்து விழுந்தது, கீழே பழைய படுக்கை விரிப்பு விரித்திருந்ததால் கிடைத்தது. உறைக் கிளிப் இரண்டையும் புதிதாகப் போட்டேன். வெப்பத் தகடு இருக்கிறது, ஓரம் மட்டும் துரு.

நியூட்ரலில் லீவர் இப்போது ஆடுவது ஒன்றரை செ.மீ.கூட இல்லை. விட்டால் தானே நடுவுக்கு வந்து நிற்கிறது. இந்தக் கார் இப்படி வந்து நிற்கும் என்பதே எனக்குத் தெரியாது.

இன்று விடியற்காலை ஐந்தரைக்கு லிம் சூ காங் சாலைக்குக் கொண்டுபோனேன். சித்தப்பாவையும் அழைத்துக்கொண்டேன். இரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து நான்கு, திரும்ப மூன்று. ஒவ்வொன்றும் விரும்பிய இடத்தில் போய் விழுகிறது. நாற்பது நிமிடம் ஓடியபிறகும் லீவர் இறுகவில்லை, ஐயா விட்ட அந்த 0.1 மி.மீ. வேலை செய்கிறது. சித்தப்பா வழி நெடுக ஒன்றும் பேசவில்லை. திரும்பும்போது கையை நீட்டி, என் கைக்கு மேல் தன் கையை வைத்து, லீவர் நான்கில் இறங்குவதைத் தொட்டுப் பார்த்தார். "வாங்கின அன்றைக்கு இப்படித்தான் இருந்தது" என்றார்.

---

ஐந்தாம் கியர் | ஞாயிறு, காலை 11:05

படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. என் காரில் ரப்பர் உறை கிழிந்துதான் இருந்தது. குழியில் எண்ணெய் ஒரு தேக்கரண்டிகூட இல்லை. நைலான் குப்பி இரண்டாகப் பிளந்து வந்தது. எல்லாம் மாற்றியாயிற்று, அடிப்பலகைக்கு நன்றி.

---

லேத்துக்காரர் | ஞாயிறு, பிற்பகல் 2:10

நல்லது தம்பி. 200 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை அடியில் பாருங்கள். புதிய புஷ் உட்காரும்போது சற்று இடம் மாறும், பின்னின் நுனியில் இருக்கிற கிளிப் முழுக்க உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தள்ளிப் பார்க்க வேண்டும். துரு பிடித்த தகட்டையும் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சூடு தாங்கும் பெயிண்ட் அடித்துவிடுங்கள்.

தோபாயோ தம்பியின் புஷ் தயார். வந்து வாங்கிக்கொள்ளலாம்.

---

தோபாயோக்காரன் | ஞாயிறு, பிற்பகல் 2:25

இன்று மாலை வருகிறேன் ஐயா. பின்னில் விழுந்த தட்டைக்கு என்ன செய்வது?

---

லேத்துக்காரர் | ஞாயிறு, பிற்பகல் 2:31

கையைக் கழற்றிக் கொண்டுவர முடிந்தால் கொண்டு வாருங்கள். பின்னைச் சீராகக் கடைந்து, மெல்லிய எஃகுக் குழாய் ஒன்றை மேலே அழுத்திப் போட்டுவிடலாம். புஷ்ஷின் துளையை அதற்கேற்பப் பெரிதாக்கித் தருகிறேன். வெர்னியர் என்னிடம் இருக்கிறது, நீங்கள் அளக்க வேண்டாம்.